தொரட்டி சறுக்கவில்லை

அரசு மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் என் பெயருக்கு நேராக ஒரு பொய் இருக்கிறது. அதைச் சொன்னது நான்தான். யாரும் மிரட்டிச் சொல்ல வைக்கவில்லை. நான் கல்விக் கடன் வாங்கி நான்கு வருடம் நர்சிங் படித்தவள். காயத்தோடு வருகிறவர்களிடம் எப்படி ஆச்சு என்று கேட்கும் இடத்தில் ஒன்றரை வருடம் நின்று வேலை பார்த்தவள். அந்தப் பதிவேட்டில் விழும் ஒரு வரி பிறகு எங்கெல்லாம் போய்க் கேள்வி கேட்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் சொன்னேன். அதனால் இதில் மற்றவர்களைத் திட்டுவதற்கு முன்னால் என்னைத் திட்டிக்கொள்கிறேன்.

எங்கள் ஊர் பசுவந்தனைக்கும் எட்டயபுரத்துக்கும் நடுவில் இருக்கிறது. அப்பாவிடம் செம்மறி மந்தை ஒன்றும் கொஞ்சம் கரிசல் நிலமும் உண்டு. அம்மா நான் பத்தாவது படிக்கும்போதே இறந்துவிட்டாள். வெள்ளாமை எடுத்து முடிந்த காட்டில் ஆடுகளை அடைத்துப் போடுவதைக் கிடை என்போம். புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கு உரம். அதற்குக் காட்டுக்காரர் பணம் தருவார். அப்பாவின் மந்தை மட்டும் ஒரு காட்டுக்குப் பத்தாது. அதனால் என் அக்காவைக் கட்டிக்கொடுத்த வீட்டு மந்தையையும் சேர்த்துத்தான் கிடை போடுவார்கள். அவர்கள் நாகலாபுரம் பக்கம். அந்த மந்தையைப் பார்த்துக்கொண்டவன் அக்காவின் கொழுந்தன், அத்தானின் தம்பி.

அந்தப் பங்குனியில் நான் மதுரையிலிருந்து மூன்று நாள் விடுப்பில் வந்திருந்தேன். காலையில் அப்பாவுக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனபோது அங்கே பேச்சு தடித்துக்கொண்டிருந்தது. அவர்கள் மந்தையோடு வந்திருந்த அக்காவும் நின்றாள். அவளுக்கு அப்போது ஐந்தாவது மாதம். விஷயம் சின்னது. அப்பா எங்கள் ஊர்க்காரர் ஒருவருக்கு அடுத்த கிடை என்று வாக்குக் கொடுத்திருந்தார். கொழுந்தன் அவன் ஊர்க்காரர் ஒருவரிடம் இரண்டு மந்தைக்கும் சேர்த்து முன்பணம் வாங்கித் தின்றிருந்தான்.

"ஆட்ட இன்னைக்கு எங்க ஊருக்குத் திருப்புதேன்" என்றான்.

"என் ஆட்டத் திருப்ப நீ யாருலே?" என்றார் அப்பா.

"யாருன்னா கேக்குதீரு? ஒம்ம பொண்ணுக்குச் சோறு போடுத வீட்டுக்காரன்."

"அவ சோத்த அவ மேய்ச்சு சம்பாரிக்கா. நீ வாங்கித் தின்ன துட்ட நீ கக்குலே."

அவன் கையில் தொரட்டி இருந்தது. நீளமான கம்பு, நுனியில் அரிவாள் மாதிரி வளைந்த இரும்பு. கருவைக் கொப்பை இழுத்து ஆட்டுக்குக் காய் உலுப்ப எல்லா ஆட்டுக்காரரும் வைத்திருப்பதுதான். அதை அப்பாவின் தலையைப் பார்த்து வீசினான். நான் பக்கத்தில் இருந்தேன். கையைக் குறுக்கே உயர்த்தினேன். வலது கை. இரும்பு மணிக்கட்டுக்குச் சற்று மேலே, வெளிப்பக்கம் விழுந்தது. வலி உடனே வரவில்லை. கட்டைவிரலைத் தூக்கிப் பார்த்தேன். தூக்க முடியவில்லை. நரம்பும் தசைநாரும் போய்விட்டது என்று அங்கேயே தெரிந்துவிட்டது. படித்ததனால் கிடைத்த லாபம் அது ஒன்றுதான், கெட்ட சேதி மற்றவர்களுக்கு முன்னால் எனக்குத் தெரிந்தது.

அப்பாவின் துண்டை வாங்கி இடது கையாலும் பல்லாலும் இறுக்கிக் கட்டினேன். கொழுந்தன் தொரட்டியைக் கீழே போட்டுவிட்டு நின்றான். ஓடவில்லை. அதையும் சொல்ல வேண்டும். முகம் வெளுத்துப்போய் நின்றான்.

லோடு ஆட்டோவில் ஏறினோம். அக்கா என் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே வந்தாள். பாதி வழியில் அப்பா வாயைத் திறந்தார்.

"தாயி, ஒங்க அக்கா அங்கன பொழைக்கணும்."

அவ்வளவுதான் சொன்னார். பொய் சொல் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. எங்கள் பக்கத்தில் வெட்டுக் காயத்தோடு மருத்துவமனைக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் கீழே விழுந்தவர்கள்தான். சொந்தத்துக்குள் வெட்டு என்றால் முழுப்பேரும் கீழே விழுந்தவர்கள். இதை மதுரையில் வேலை பார்க்கும்போது நான் எத்தனையோ முறை பார்த்துப் பல்லைக் கடித்திருக்கிறேன். ஏன்தான் இப்படிப் புளுகுகிறார்கள் என்று சக நர்சுகளிடம் பேசியிருக்கிறேன்.

கோவில்பட்டி அரசு மருத்துவமனையில் பணியில் இருந்த மருத்துவர் இளைஞர். கட்டை அவிழ்த்துப் பார்த்தார்.

"எப்படி ஆச்சு?"

"கருவங்காய் உலுப்பும்போது தொரட்டி சறுக்கிருச்சு சார்."

"தொரட்டிய யார் பிடிச்சிருந்தா?"

"நான்தான்."

அவர் என்னையே பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். அப்பா சுவரைப் பார்த்தார்.

"நீங்க என்ன பண்றீங்க?"

"ஸ்டாஃப் நர்ஸ்."

"சரி" என்று சொல்லிக் காயத்தை அளந்து எழுதினார். அதற்கு மேல் கேட்கவில்லை. திருநெல்வேலிக்கு அனுப்பினார். அங்கே தைத்தார்கள். சீழ் வைத்தது. மறுபடி பிரித்துத் தைத்தார்கள். கடைசியில் கட்டைவிரல் எழவே இல்லை. மற்ற விரல்கள் பாதி மடங்கும், பாதி நிமிரும். பேனா நிற்காது. ஊசி நிற்காது. நரம்பு தேடி ஊசி ஏற்ற முடியாத நர்சை எந்த மருத்துவமனை வைத்துக்கொள்ளும்? மதுரையில், கை சரியானதும் வாங்க சிஸ்டர் என்றார்கள். இரண்டு மாதம் கழித்துக் கூப்பிட்டால் போனை எடுக்கவில்லை.

நான் திருநெல்வேலியில் கிடந்தபோது இங்கே இரண்டு வீட்டுக்கும் ராஜிப் பேச்சு முடிந்திருந்தது. சம்பந்தி வீட்டார் இரண்டு பெட்டை ஆடுகளும் வைத்தியச் செலவுக்குக் கொஞ்சம் பணமும் கொடுத்தார்கள். அவர்கள் ஊர்க் கோயில் முன்னால் சூடம் ஏற்றி, அப்பா அதைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தார்: இதற்காக ஸ்டேஷனுக்கோ கோர்ட்டுக்கோ போகமாட்டோம். வெட்டுப்பட்டது என் கை. சத்தியம் செய்தது அப்பாவின் கை. அந்த ஆடுகள் எங்கள் மந்தையில் சேர்ந்து மேய ஆரம்பித்தன. நான் கட்டுப் போட்ட கையோடு வந்து இறங்கியபோது அப்பா அதுகளைக் காட்டி, நல்ல ஜாதி என்றார். எனக்கு அவர் மேல் வந்த ஆத்திரத்தில் மூன்று நாள் பேசவில்லை.

பிறகு கல்விக் கடன் பேச ஆரம்பித்தது.

அந்தக் கடனில் அப்பாவும் கையெழுத்துப் போட்டிருந்தார். அதுவரை அவர் கைநாட்டுத்தான். என் கடனுக்காகவே கையெழுத்துக் கற்றுக்கொண்டார். ரேஷன் பையின் பின்பக்கம், சுவர், மணல் என்று ஒரு மாதம் எழுதிப் பழகினார். வங்கியில் தன் பெயரின் நான்கு எழுத்தைப் போட்டுவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார். என்னை நர்சாக்கியதை விட அந்தக் கையெழுத்தில்தான் அவருக்குப் பெருமை அதிகம் என்று கிண்டல் செய்வேன்.

தவணை ஐந்தாறு நின்றதும் வசூலுக்கு ஓர் ஆள் பைக்கில் வந்தான். டீக்கடையில் நின்று, கடன் வாங்கிப் படிச்ச நர்ஸ் வீடு எது என்று கேட்டிருக்கிறான். வழி சொல்ல நான்கு பேர் கூடவே வந்தார்கள்.

"சம்பாதிக்கிற புள்ள வீட்ல உக்காந்துகிட்டா எப்படிம்மா?" என்றான்.

கையை நீட்டிக் காட்டினேன்.

"இதுக்கு நான் என்ன செய்ய முடியும்?" என்றான்.

"இந்தக் கைக்கு வேல இருந்தாச் சொல்லும். நாளைக்கே வாரேன்" என்றேன். அவன் படம் எடுத்துக்கொண்டு போனான். கையை இல்லை, வீட்டை.

அடுத்து, அப்பாவின் கணக்கில் விவசாயிகளுக்கு அரசு போட்ட பணம் வந்த அன்றே கடனுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. பயிருக்கான இன்சூரன்ஸ் பணம் வந்தது, அதுவும் போனது. விதைப்பு நேரத்தில் அப்பா பணம் எடுக்கப் போய் வெறும் கையோடு திரும்பினார். பஸ்ஸுக்குக் கூடத் தெரிந்தவரிடம் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். திட்டவில்லை. "எடுத்துக்கிட்டாவளாம்" என்று மட்டும் சொன்னார். அந்த வருடம் பாதி நிலம் விதைக்காமல் கிடந்தது. மறு பங்குனி வந்தபோதுதான் நான் கிளம்பினேன்.

கோவில்பட்டியில் எங்கள் வங்கிக் கிளையின் மேலாளர் ஒரு பெண். வெளியூர்க்காரர். இரண்டு மணி நேரம் காக்க வைத்தார். ஆனால் உட்கார வைத்து முழுவதையும் கேட்டார். கையைத் தொட்டுப் பார்த்தார். ஒரு வருடத்தில் அதைத் தொட்டுப் பார்த்த முதல் அதிகாரி.

"விபத்துன்னா நான் எழுதினாலும் மேல தள்ளிடுவாங்கம்மா. நிறைய வருது. யாராவது தாக்கி இப்படி ஆச்சுன்னா வேற. போன வருஷம் ஒரு பையன், பஸ்ஸுல யாரையோ வெட்ட வந்தவங்க இவனை வெட்டிட்டாங்க. எஃப்.ஐ.ஆர், டாக்டர் சர்டிபிகேட் எல்லாம் வச்சு எழுதினேன். தவணையைத் தள்ளிவச்சாங்க. சட்டம்னு எதுவும் கிடையாது. அவங்க மனசு வைக்கணும்."

நான் மருத்துவமனைச் சீட்டை அவர் பக்கம் நகர்த்தினேன். அதைப் படித்தார்.

"அரசாங்க இழப்பீடும் இருக்கு. அதுக்கும் எஃப்.ஐ.ஆர் வேணும். உங்களுதுல தொரட்டி சறுக்கினதுன்னு இருக்கே?"

"சறுக்கல மேடம்" என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

எனக்கு ஆத்திரம் வந்தது உண்மை. கை ஒன்றுதான். ஊசி பிடிக்காத கை எப்படி வெட்டுப்பட்டால் என்ன? மரத்தில் வெட்டுப்பட்டால் கடனைக் கட்டு, மனிதன் வெட்டினால் பார்க்கலாம் என்பது என்ன நியாயம்? அதை அவரிடமே கேட்டேன். "நியாயம் கேட்டா என்கிட்ட பதில் இல்லை. வழி கேட்டீங்க, சொன்னேன்" என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடித்தது.

அங்கிருந்து நேராக மருத்துவமனைக்குப் போனேன். அந்த இளம் மருத்துவர் இன்னும் அங்கேதான் இருந்தார். என்னை ஞாபகம் இருந்தது. நடந்ததைச் சொன்னதும் ஆச்சரியப்படவில்லை.

"தொரட்டியைப் பிடிச்சிருக்கிற ஆளோட மணிக்கட்டுல அப்படி வெட்டு விழாது. கம்பு அவ்வளவு நீளம். அன்னைக்கே தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் சார் அப்படி எழுதுனீங்க?"

"நீங்க சொன்னதை எழுதினேன். நீங்க நர்ஸ். உங்களுக்குத் தெரியாததா?"

"போலீசுக்குத் தகவல் குடுத்துருக்கலாம்லா?"

"குடுத்திருக்கணும்" என்றார். "அன்னைக்கு உங்களுக்கு முன்னாடி எட்டுப் பேர், பின்னாடி பத்துப் பேர்."

இருவருமே ஒருவரை ஒருவர் திட்ட முடியாத இடத்தில் நின்றோம். அவர் பழைய பதிவேட்டை எடுக்கச் சொன்னார். என் பொய்க்குக் கீழே, அவர் கையெழுத்தில் காயத்தின் விவரம் இருந்தது: எந்தப் பக்கம், எவ்வளவு நீளம், எவ்வளவு ஆழம், மேலிருந்து கீழாகச் சாய்ந்து விழுந்த வெட்டு. என் வாய் ஒன்றைச் சொன்னது, அவர் அளந்தது வேறொன்றைச் சொன்னது. இரண்டும் ஒரே பக்கத்தில் ஒரு வருடமாகக் கிடந்திருக்கின்றன. காவல் துறை கேட்டால், இது கையை உயர்த்தித் தடுக்கும்போது விழும் காயம் என்று எழுதித் தருகிறேன் என்றார். கேட்டால் மட்டும்தான். ஆக, புகார் கொடுக்க வேண்டும்.

அப்பாவிடம் சொன்னேன். ஆட்டுக்கு வைத்திருந்த தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"சூடத்த அணைச்சிருக்கேன்."

"நான் அணைக்கல."

"ஒனக்கும் சேத்துத்தான் அணைச்சேன்."

"என் கைக்கு நீங்க எப்பிடி சத்தியம் பண்ணுவீய?"

"ஒங்க அக்காள வந்து இங்கன போட்டுட்டுப் போவான். கைப்பிள்ளக்காரி. என்ன செய்வ?"

இருந்த ஆத்திரம் எல்லாம் இந்த ஒரு கேள்வியில் முட்டி நின்றது. கடனைக் கட்டாவிட்டால் அப்பாவின் கணக்கு இப்படியே வறண்டு கிடக்கும், எனக்கும் எங்கே போனாலும் கடன் கட்டாதவள் என்ற பேர் கூடவே வரும். கட்டுவதற்குக் கை இல்லை. உண்மையைச் சொன்னால் அக்காவின் குடித்தனம். இப்படியே இரண்டு வாரம் போனது. நானும் அப்பாவும் ஒரே வீட்டில் எதிர் எதிர்ப் பக்கம் திரும்பிச் சாப்பிட்டோம்.

அக்காவுக்கு நான் சொல்லவில்லை. வசூல் ஆள் வந்த விஷயம் அவள் காதுக்கு யார் மூலமோ போயிருக்கிறது. ஒரு காலையில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ்ஸை விட்டு இறங்கி வந்தாள். வந்ததும் என்னைப் பிடித்தாள்.

"ஏட்டி, வெட்டுப்பட்டவ நீ. பாத்தவ நான். எவனோ டீக்கடையில சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?"

"ஒனக்காவத்தான் சும்மா இருந்தேன்."

"நான் கேட்டனா?" அப்பா பக்கம் திரும்பினாள். "ஒம்மகிட்டயும் கேக்குதேன். சூடத்த அணைச்சப்ப எனக்காவன்னு சொன்னீராமே. நான் கேட்டனா?"

"நீ அங்கன இருக்கணும்லா தாயி" என்றார் அப்பா.

"அங்கனதான் இருக்கேன். தெனமும் அந்தத் தொரட்டியப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். அதே தொரட்டி. மாத்தக்கூட இல்ல. அதுலதான் காய் உலுப்புதான். இவ கொறக் கையோட கெடக்கா, அந்த எளவத் தெனமும் நான் எடுத்துச் சாத்தி வைக்கேன்."

அது எனக்குத் தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது. பிள்ளை என் வலது கையைப் பிடித்து, நிமிராத கட்டைவிரலைத் தூக்கித் தூக்கி விட்டுக்கொண்டிருந்தது. அதற்கு அது ஒரு விளையாட்டு.

கடைசியில் அப்பா சொன்னார்: "ஆட்ட வச்சிக்கிட்டு ஸ்டேஷனுக்குப் போகக் கூடாது. மொதல்ல ஆட்டத் திருப்பி ஓட்டணும். துட்டையும் குடுக்கணும். எந்தக் கோயில் முன்னால வாங்குனமோ அங்கனயே குடுக்கணும்."

அதுதான் எங்கள் முறை. ராஜிக்கு வாங்கியதை நான்கு பேர் பார்க்கத் திருப்பிக் கொடுத்துவிட்டால் ராஜி முறிந்தது என்று அர்த்தம். வாங்கியதை வைத்துக்கொண்டு புகார் கொடுப்பவனைத்தான் ஊர் காறித் துப்பும். எனக்கு இந்த முறை மேல் பெரிய மரியாதை கிடையாது. ஆனால் அப்பா அந்தச் சத்தியத்திலிருந்து வெளியே வர இந்த ஒரு வாசல்தான் இருந்தது. சரி என்றேன்.

அந்தப் பெட்டைகளில் ஒன்று இதற்குள் குட்டி போட்டிருந்தது. அதை ஓட்டுவதா வேண்டாமா என்று எங்களுக்குள் ஒரு சண்டை.

"குட்டி நம்ம வீட்ல பெறந்தது" என்றேன்.

"அவிய ஆட்டு வயித்துலதான பெறந்திச்சு? ஒரு குட்டிக்காவ நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாது. ஏத்து."

பணம் கையில் இல்லை. எங்கள் மந்தையில் இரண்டு கிடாயைத் தரகரிடம் தள்ளித்தான் அதைத் திரட்டினோம். என்னை மருத்துவமனைக்குக் கொண்டுபோன அதே லோடு ஆட்டோவில் ஆடுகளை ஏற்றினோம். அக்கா, பிள்ளை, நான், அப்பா. கோயில் முன்னால் இறக்கினோம். அப்பா போய் ஆட்களைக் கூப்பிட்டார். அக்காவின் மாமியார் வந்தாள், அத்தான் வந்தார், கொழுந்தனும் வந்தான்.

மாமியார் ஆடுகளைத்தான் முதலில் பார்த்தாள். "குட்டி ஒண்ணு கூட இருக்கே" என்றாள்.

"அது வட்டி, மயினி" என்றார் அப்பா. வங்கியிடம் கற்றுக்கொண்டதை அங்கே காட்டிவிட்டார். கூடி நின்றவர்களில் ஒருவர் சிரித்தும்விட்டார்.

கொழுந்தன் என்னைப் பார்த்தான். "ஒரு கை வெளங்காதப்பவே இந்தப் பாடு. ரெண்டும் நல்லா இருந்தா என்ன ஆட்டம் ஆடுவ நீ?"

"ரெண்டும் நல்லா இருந்தா நான் ஏன் இங்கன வாரேன்? மதுரையில வேலையில இருப்பேன். ஒன் மூஞ்ச எவ பாப்பா?"

அத்தான் அக்காவிடம், "நீ எங்க நிக்க?" என்று கேட்டார். அவர் அதிகம் பேசாத ஆள். அக்கா என் பக்கத்தில் நின்றாள். "பாத்ததச் சொல்லப் போறேன். சொல்லிட்டு வாரேன்" என்றாள். "வந்தா கதவு தெறக்காது" என்றாள் மாமியார். அக்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள்.

ஸ்டேஷனில் எழுத்தர் புகாரை வாங்கிப் படித்தார். படித்துவிட்டு எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"ஒரு வருஷம் கழிச்சு வருதீங்க. இது ராஜியாப் போன கேஸுன்னு சொல்லுதாவளே?"

"ராஜியாப் போறதுக்குக் கேஸ் எங்க சார் இருந்துச்சு? நாங்க கேஸே குடுக்கலையே" என்றாள் அக்கா.

மனு ரசீது மட்டும் கொடுத்து அனுப்பினார்கள். எஃப்.ஐ.ஆர் ஆக இரண்டு மாதம் அலைந்தோம். மருத்துவரிடம் கேட்டார்கள், அவர் சொன்னபடி எழுதிக் கொடுத்தார். கொழுந்தன் முன்ஜாமீன் வாங்கிக்கொண்டான். வழக்கு இன்னும் நடக்கிறது. இழப்பீட்டு மனுவும் கிடக்கிறது.

வங்கி மேலாளர் மேலிடத்துக்கு எழுதினார். மூன்று முறை கேள்வி போட்டுத் திருப்பினார்கள். ஒரு கேள்வி, முதலில் விபத்து என்று சொன்னது ஏன் என்பது. நான் சொல்லச் சொல்ல அக்கா எழுதினாள். "அக்காவின் வாழ்க்கை கெட்டுவிடும் என்று பயந்து பொய் சொன்னேன்" என்று எழுத வைத்தேன். மேலாளர் படித்துவிட்டு, பொய் என்ற வார்த்தை வேண்டாமே, சூழ்நிலை காரணமாக என்று போடலாமே என்றார். "சூழ்நிலை வந்து சொல்லல மேடம். நான்தான் சொன்னேன்" என்றேன். அப்படியே அனுப்பினார்.

அக்கா இரண்டு மாதம் எங்கள் வீட்டில் இருந்தாள். அத்தான் ஒருநாள் வந்தார். மன்னிப்பு, சமாதானம் எதுவும் பேசவில்லை. "ஆட்டுக்கு ஆள் பத்தல" என்றார். "ஒங்க தம்பி தனி அடுப்பு வச்சாத்தான் வருவேன். தொரட்டிய அவன் எடுத்துட்டுப் போகட்டும்" என்றாள் அக்கா. அவர் தலையாட்டிவிட்டுப் போய், பதினைந்து நாள் கழித்து மறுபடி வந்தார். அவள் போனாள். மாமியார் இன்றுவரை அவளிடம் நேராகப் பேசுவதில்லை. பிள்ளையிடம் பேசுவது மாதிரி அவளுக்குச் சொல்கிறாளாம். ஒங்க அம்மாவ உப்புப் பாத்துப் போடச் சொல்லு என்று.

மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. தள்ளுபடி இல்லை. இரண்டு வருடத்துக்குத் தவணை கிடையாது, அபராத வட்டி நீக்கம், அப்பாவின் கணக்கில் கை வைக்கமாட்டார்கள். அசல் அப்படியே நிற்கிறது, வட்டியும் மெதுவாக ஏறிக்கொண்டுதான் இருக்கும். இதற்குத்தான் இவ்வளவும். குறைவு என்று யாராவது சொன்னால் ஆமாம் என்பேன். ஆனால் அந்தப் புரட்டாசியில் அப்பா முழு நிலத்தையும் விதைத்தார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மூவரும் வங்கிக்குப் போனோம். நான், அப்பா, சாட்சிக்கு அக்கா. நான் இடது கையால் போட்டேன். கவுன்டரில் இருந்தவர் கம்ப்யூட்டரில் பழைய கையெழுத்தைப் பார்த்தார், இதைப் பார்த்தார்.

"ஒத்துப்போகலையேம்மா."

"எப்பிடி ஒத்துப்போகும்?" என்று கையைக் காட்டினேன்.

அவர் உள்ளே போய் மேலாளரைக் கேட்டுவிட்டு மைப்பெட்டியோடு வந்தார். கைநாட்டு வைக்க வேண்டும் என்றார். இடது கையை நீட்டினேன்.

"இங்க பொம்பளைங்களுக்கு வலது கைதான்மா வாங்குவோம்."

வலது கையை மேஜையில் வைத்தேன். கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கிக் கிடந்தது. தானாக எழாது. அவர் பிடிக்கத் தயங்கினார். அக்கா நகர்ந்து வந்து அந்த விரலைப் பிரித்தெடுத்து, மையில் அழுத்தி, காகிதத்தில் உருட்டி எடுத்தாள். தெளிவாக விழுந்தது.

"நாலு வருசம் கடன் வாங்கிப் படிச்சிட்டுக் கைநாட்டு வைக்கா பாரு" என்றாள்.

"வாய மூடு, ஏக்கா" என்றேன். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அப்பா சிரிக்கவில்லை. அவர் முறை வந்தது. பேனாவை வாங்கினார். மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக, அந்த நான்கு எழுத்தையும் போட்டார். போட்டுவிட்டு என் மை ரேகையைப் பார்த்தார். கவுன்டரில் கிடந்த துணியை எடுத்து என் கட்டைவிரலைத் துடைக்க ஆரம்பித்தார். மை போகவில்லை. விடாமல் துடைத்துக்கொண்டே இருந்தார். பின்னால் வரிசையில் நின்றவர், "அண்ணாச்சி, கொஞ்சம் நகரும்" என்று சொன்ன பிறகுதான் விட்டார்.

பஸ் நிலையத்தில் அக்கா நாகலாபுரம் பஸ்ஸில் ஏறினாள். நானும் அப்பாவும் பசுவந்தனை பஸ்ஸுக்கு நின்றோம்.